கிலோவுக்கு என்ன கூலி

மாவு மூட்டைக்குக் கிலோக் கணக்கு.
ஆட்டுக்குத் தலைக்கணக்கு.
ஆளுக்கு, முன் சீட்டா பின் சீட்டா பார்த்து.
கோரோகிலிருந்து முர்காப் வரை,
பாதி வழியில் ரோடே கிடையாது,
என் ஜீப்பில் ஏறும் எதற்கும் ஒரு விலை உண்டு.

இந்தப் பென் டிரைவுக்கு மட்டும்
இன்னும் கணக்குப் பிடிபடவில்லை.

முதன்முதலில் வந்தது கட்டைவிரல் பருமன், நாலு ஜிபி.
ஐந்து சோமோனி வாங்கினேன்.
இப்போது வருவது நகத்தளவு,
உள்ளே ஆயிரம் ஜிபி என்கிறார்கள்.
ஜிபிக்கு இவ்வளவென்று கேட்டால் ஊர் என்னை அடிக்கும்,
எடைக்குக் கேட்டால் நான் பட்டினி.
ஐந்தே சோமோனி. இருக்கட்டும்.

புகையிலை டப்பாவில் இன்று ஆறு.
செலோடேப் சுற்றி, மேலே பேனாவில் பேர்.
மாட்டு டாக்டர் நுர்ஜமாலுக்கு
யாக் ஒன்றின் வயிறு, உள்ளிருந்து எடுத்த படம்.
பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள்;
வாத்தியார் மகன் அதற்கு இரண்டு தரம் என்னிடம் விலை பேசிவிட்டான்.
சோலார் பெட்டிக்கு ஒன்று:
செருகினால் பெட்டி பழைய புத்தியை மறந்து
புதுப் புத்தி படித்துக்கொள்ளுமாம்.
என் தம்பிக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் தேவலை.
இருதலை மணியன் பாம்பு மாதிரி ஒன்று,
ஒரு வாய் கம்ப்யூட்டருக்கு, மறு வாய் போனுக்கு.
அப்புறம் ஒரு கல்யாணம். மூன்று மணி நேரம், ஆட்டம் மட்டும்.

சாவடியில் சிப்பாய்ப் பையன்
மாவு மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்தான்.
டப்பாவைத் திறந்தவன்
கம்பியும் கையுமாக வெகுநேரம் நின்றான்.

ஆறாவது உருல்கானுக்கு.
செல்யாபின்ஸ்கில் சுவர் பூசும் மைராம்பெக்
கை மாற்றிக் கை மாற்றி அனுப்பியது.
புது மாடல். கைரேகை வைத்தால்தான் திறக்கும்.
போன தடவை ஊருக்கு வந்தபோதே
அவளுடைய பத்து விரலையும் அதில் பதிந்துகொண்டு போனானாம்.
ரேகையைக் கொண்டு போனவனுக்கு
ரேகை தேயும் என்று தெரியவில்லை.
இரண்டு குளிர்காலம் தோல் பதனிட்டிருக்கிறாள், உப்பிலும் மோரிலும்.

கட்டைவிரல் வைத்தாள். சிவப்பு.
ஆள்காட்டி. சிவப்பு.
எண்ணெய் தடவு என்றார் வாத்தியார்.
எண்ணெயைத் துடை என்றாள் நுர்ஜமால்.
மூச்சுக் காற்றை ஊது என்றேன் நான்,
இஞ்சின் உறைந்தால் நான் செய்வது அதுதான்.
சிவப்பு. சிவப்பு.
ஒரு கை முடிந்தது. மறு கையில் மூன்று போயிற்று.
அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தோம்,
கோபம் வந்தது.
“என் வீட்டுக்காரன் பேச்சைக் கேட்க
நான் இந்தத் துண்டு இரும்புக்கு யாரென்று சொல்ல வேண்டுமா?”

கடைசிக்கு முந்தினதும் சிவப்பு.

இடக்கைச் சுண்டுவிரல் சின்ன வயதில் முறிந்தது,
மடங்காது,
எந்த வேலைக்கும் வராமல்
தனியாக நீட்டிக்கொண்டே இருக்கும்.
அதை வைத்தாள்.

பச்சை.

அவ்வளவுதான். எங்கள் மூன்று பேரையும் வெளியே தள்ளிக்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
கூலிகூட வாங்கவில்லை நான்.

மறுநாள் திரும்பும்போது வண்டியை மறித்து
அதே டிரைவைக் கையில் வைத்தாள். பத்து சோமோனி தந்தாள்.
“பதில் இருக்கிறது.”
பேசியதா, படமா, கேட்கவில்லை.
“பூட்டு?” என்றேன்.
“அவன் விரல் அவனுக்குத் தெரியும்.”

என் வண்டிக்கென்று ஒரு டிரைவ் உண்டு, முப்பத்திரண்டு ஜிபி, பாட்டு.
நூற்றுப் பதினாலாவது பாட்டு பழுது.
கணவாய் ஏறும்போதுதான் அது வரும்,
வந்ததும் ஒரு சொல்லில் திக்கி நிற்கும்.
இன்றும் நின்றது.
அந்தச் சொல்லை நான் போட்டுக்கொண்டேன்.
டப்பாவில் ஏதோ கலகலத்தது.
இரண்டாவது கியரில் இறங்கினேன்.