காலிக் கட்டம்

மண்டபம் வடகரையில்
ஐஸ் பிளாண்டுக்கு மேல்மாடி எங்கள் அறை.
ஏசி சொட்டும் மூலையிலிருந்து நாலடி தள்ளி
சர்வரை நிறுத்தியிருக்கிறேன்.
ஆணி, கீல், பூட்டு, ஸ்டேப்ளர் பின்,
இங்கே எதற்கும் முதலில் உப்பு வரும்
பின்னாலேயே துரு.

முன்பெல்லாம் வெள்ளிதோறும்
கணக்கு முழுவதையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி
டிபன் பைக்குள் வைத்து
சீனி இபுராம்சா ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுவார்.
ஒருமுறை உச்சிப்புளியில் டீக்கு இறங்கினார்.
பை இறங்கவில்லை.
நாலு வாரம் கழித்துக் கிடைத்தது
காய்ந்த புளிக்குழம்பு வாடையோடு.
இனி எதையும் கையில் தூக்குவதில்லை என்று
அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பரமக்குடியில் ஒரு மாடிப்படிக்கு அடியில்
இன்னொரு பெட்டி வாங்கி வைத்தேன்.
நாலு டிஸ்க். ஒன்று செத்தாலும்
மற்ற மூன்றும் அதன் கதையைச் சொல்லும்.
ஆறு மணி நேரத்துக்கொரு தரம்
அதுவே கம்பி வழியே வந்து
மாறியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகும்.
மாறாத கோப்புக்கு உடம்பு ஒன்றுதான்.
திங்கள் வாசல், செவ்வாய் வாசல் என்று
வாசல்களைத்தான் கூட்டிக்கொண்டே போகிறேன்.
இங்கிருந்து எட்டிப் பார்க்கலாம்.
ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது.
"உன்னாலயுமா?" என்றார் சங்கச் செயலாளர்.
"என்னாலயும்தான்."
சந்தேகத்தோடுதான் பில்லில் கையெழுத்திட்டார்.

ஒரு வியாழன், பன்னிரண்டே முக்கால்.
டோக்கன் பதிவேட்டில் தேதி திருத்தப் போன ரூபில்டா
கட்டங்களை மொத்தமாகப் பிடித்து இழுத்துவிட்டாள்.
நூற்றுத் தொண்ணூற்றாறு படகும்
ஒரே நிமிடத்தில் கரை சேர்ந்தன.

நாலு மணிக்கு
நம்புச்செல்வத்தின் மச்சினன் மூச்சிரைக்க வந்தார்.
படகைக் காணோம் என்று சொல்லப் போனால்
"உங்க சங்கப் பதிவுல வந்தாச்சுன்னு இருக்கே"
என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
கண்ணால் பார்த்தவன் சொல் ஒரு பக்கம்
கம்ப்யூட்டர் சொல் ஒரு பக்கம்.
ரூபில்டா துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்
ஈரம் எதுவும் இல்லாமல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
இரண்டு வருடத்தில் ஒருநாளும்
நான் மீட்டுப் பார்த்ததில்லை.
இரவுதோறும் 'வெற்றி' என்று வந்த மெயில்களைத்
திறக்காமலே நம்பியவள்.

நண்பகல் பன்னிரண்டின் வாசலைத் தட்டினேன்.
திறந்தது.
வரிசை நூற்று நாற்பத்து மூன்று.
புறப்பட்டது: புதன் காலை ஐந்து நாற்பது.
ஆட்கள்: நாலு. டீசல்: முந்நூறு லிட்டர்.
வந்த நேரம்:
அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததைத்தான்
பத்திரமாக எடுத்துவந்து
அதன் கட்டத்திலேயே வைத்தேன்.
பிரிண்ட் சூடு ஆறுமுன்
மச்சினன் அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் வெளிச்சம் வரும்போது
ஆறு பாகத் தண்ணீரில்
கியர் உடைந்து நங்கூரத்தில் கிடந்த படகைக்
கண்டுபிடித்து இழுத்துவந்தார்கள்.
நாலு பேருக்கும் பீடி தீர்ந்த கோபம்.
வெள்ளி, காலை பத்தே கால் என்று
ரூபில்டா ஒற்றை விரலால் அடித்தாள்
ஒவ்வொரு எண்ணுக்கும் நிமிர்ந்து கடலைப் பார்த்து.

ஆறு மணிப் பிரதிகளுக்கு
ஆயுள் இரண்டு நாள்.
விதியை எழுதியது நான்தான்.
சனி நண்பகலில் அந்த வாசல் தானாக அழியும்,
நிறுத்த வேண்டுமானால்
பரமக்குடிப் படிக்கு அடியில் போய் உட்கார வேண்டும்.

காலை முதல் பஸ் ஏறினேன்.
உச்சிப்புளியில் டீக்கு நிறுத்தினார்கள்.
எதுவும் கொண்டுவரவில்லை என்று தெரியும்,
இருந்தும் இறங்குமுன்
சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தேன்.