ஐந்து சொற்கள்

மாம்பழம், குடை, மணி, ஆறு, நீலம்.
கண்டி ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
டொக்டர் சிங்களத்தில் சொல்ல
நர்ஸ் ரிஸ்னா தமிழில் சொல்ல
தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார் நாகமுத்து.
கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்களாம்.

அதற்குள்
எட்டு மாதிரி வளைந்த ஒரு சுருளை
நெற்றிக்கு இடப்பக்கம் வைத்தார்கள்.
டக் டக் டக் டக்.
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல்.

"எத்தன வோல்ட்டு?" என்றார்.

இஸ்டோரில் முப்பது வருஷம் கரண்ட் பார்த்தவர்.
டெஸ்டர் இல்லாமல், புறங்கையை அருகே கொண்டுபோய்
எந்த வயரில் உயிர் இருக்கிறதென்று சொல்வார்.
இப்போது அந்தக் கையின் இரண்டு விரல்கள்
இல்லாத மாத்திரை ஒன்றை
ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கின்றன.

தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.
'நா' பெரிதாகத்தான் தொடங்கியது.
'து' வரும்போது எறும்பு.

இது ஆராய்ச்சி, அம்மா, என்றாள் ரிஸ்னா.
பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட்,
பாதிப் பேருக்குச் சத்தம் மட்டும்.
யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது.
கோயிலில் இத்தனை வருஷம் நின்றவள்தானே,
எனக்குச் சட்டென்று விளங்கியது.

பத்து நாள். புசல்லாவையில் ஐந்தரை பஸ்.
படிக்கு முன்னால் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள்.
என் குடையைக் குறுக்கே நீட்டுவேன்;
தாண்டி ஏறிவிடுவார்.
இல்லாத தடைக்கு நிற்கிற கால்
இருக்கிற தடையைத் தாண்டுகிறது.

ஏழாம் நாள்
மாம்பழம் என்றார். மணி என்றார்.
பிறகு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
குடை அவர் மடியில்தான் கிடந்தது.

அன்றைக்குத் திரும்பும்போது, கம்பளைப் பாலத்தில்:

"ஒன் தோடு, நாந்தான் அடகு வச்சேன்.
துண்டு நம்பர் நாலு ஒன்னு ஏழு.
திருப்ப முடியல."

இருபத்திரண்டு வருஷம்.
பீலியில் கழற்றி வைத்ததை
அங்காயிதான் எடுத்தாளென்று
லயத்தையே கூட்டி நான் கத்தினேன்.
அவர் கூடப்பிறந்தவள்.
அவரும் பக்கத்தில்தான் நின்றார்,
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல்.
அவள் மகள் சடங்குக்கு நான் போகவில்லை.
புருஷன் செத்ததற்கும்.
நடுவில் ஐந்து காம்பராதான்.

மறுநாள் விடிந்ததும் கேட்டேன்.
"என்ன தோடு?" என்றார்.
நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன்.
நோய் அந்த முகத்தை எப்போதோ மெழுகிவிட்டது,
பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது.

வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?
கடைசி நாள் படிவத்தில் கேள்வி.
தூக்கம், சாப்பாடு, கோபம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
தோட்டுக்குக் கட்டமில்லை.
இல்லை என்று போடச் சொன்னேன்.

கரண்டா, சத்தமா?
வருஷக் கடைசியில் கடிதம் வருமாம்.

இரவு அவரைத் தூங்கவைத்துவிட்டு
வாசலில் இறங்கினேன். தூறல்.
ஒரு காம்பரா. இரண்டு. மூன்று.
மாம்பழம், குடை, மணி, ஆறு, நீலம்.
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை,
ஐந்தும் எனக்கு அப்படியே இருக்கிறது.
அங்காயி வீட்டில் விளக்கு எரிந்தது,
ரேடியோவில் யாரோ விலைவாசி வாசித்தார்கள்.

அவள் படிக்கு முன்னால்
என் கால் ஒட்டிக்கொண்டது.
குறுக்கே நீட்ட
குடையை எடுத்து வந்திருக்கவில்லை.