உண்டியல் எண் நாற்பத்தொன்று

எண்ணூரில் சாம்பல் புதனுக்கென்று
தனியாகச் சாம்பல் வேண்டியதில்லை.
அனல்மின் நிலையம் அன்றாடம் பூசிவிடுகிறது,
கொடியில் காயும் சட்டைக்கும் நெற்றிக்கும்.
இருந்தும் வரிசையில் நின்றோம்.
வீட்டுக்கொரு அட்டை உண்டியல் கொடுத்தார்கள்.

பெரிய சனி மதியம்
பங்கு அலுவலகத்தில் நானும் எஸ்தாக்கியும்
கிழித்துக் கிழித்து எண்ணினோம்.
செதில் ஒட்டிய பத்து ரூபாய்கள்.
செல்லாத நாலணா ஒன்று.

நாற்பத்தொன்றில் காசே இல்லை.
நாலாய் மடித்த கோடு போட்ட தாள்:

"முந்நூத்தி இருபது சேர்ந்துச்சு ஃபாதர்.
பக்கத்து வீட்டு ஜரீனா புள்ளைக்கு
ராத்திரி மூச்சு இழுத்துடுச்சு.
ஆட்டோவுக்கும் மருந்துக்கும் எடுத்துட்டேன்.
தடைக்காலம் முடிஞ்சதும் போட்டுடறேன்.
செல்வமேரி, இறால் கம்பெனி."

எஸ்தாக்கி பேனாவை மூடினான், திறந்தான்.
காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து
யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று
பார்த்துக்கொண்டிருந்தாரே ஒருவர்,
அவராவது சொல்லியிருக்கலாம்
இதை வரவில் எழுதுவதா, பற்றிலா என்று.

அந்த வரியைக் காலியாக விட்டோம்.

தாளைக் கிழிக்க மனம் வரவில்லை.
போன ஞாயிறு வந்த குருத்தோலைகளோடு சேர்த்து
சணல் கயிற்றில் கட்டி
பரண்மேல் போட்டேன்.

அடுத்த புதனுக்கு எரிப்போம்.
என் நெற்றிக்கும்
கொஞ்சம் வரும்.