காதணி விழா

நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கிறது.
பெரியாஸ்பத்திரிக்குள் வழி கேட்டால்
அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை.
எக்ஸ்ரேக்குப் பின்னாடி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி என்பார்கள்.

என் ஜன்னலுக்கு எதிரே காம்பவுண்டுச் சுவர்.
இந்த வாரம் அதில்
மேலூர்ப் பக்கம் யார் வீட்டுக் காதணி விழாவோ.
தாய்மாமன்கள் பதினோரு பேர்,
பதினோரு கறுப்புக் கண்ணாடி.

பேர் கேட்டேன்.
ஜன்னலைப் பார்த்துவிட்டு
"சேவுகன்" என்றார்.
இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள்.
எழுதிக்கொண்டேன்.
இங்கே ரத்தத்தோடு போவது எண்தான்.

எச்ஐவி மூன்று தடவை பார்த்தோம்.
கூடவே பி வகைக் காமாலைக்கு ஒரு பட்டை.
இருபது நிமிஷம்.
எல்லாவற்றிலும் இரண்டு கோடு.

முதலாவதுக்கு அவர் அசையவில்லை.
கப்பலூர் டோல்கேட்டிலிருந்தே
அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.
இரண்டாவதுதான் புரியவில்லை.
"காமாலையா? கண்ணு வெள்ளையாத்தானம்மா இருக்கு"
இமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

கண்ணுக்கு வராமலே ஈரலில் வருஷக்கணக்காய்க் கிடக்கும்,
கீழாநெல்லிக்கு மசியாது என்றார்
கவுன்சிலர் ரெஜினா அக்கா.
ரெண்டும் வந்தது ஒரே வழியாகவும் இருக்கலாம்.
ரெண்டுக்கும் கேட்கிற மருந்து
ஒரே மாத்திரையில் இருக்கிறது.

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசமா?"
அவர் மட்டும் சிரித்தார்.
பாதியில் நின்றுபோனது.

உடம்பு தேறிருச்சுன்னு நிறுத்திராதீங்க,
நிறுத்தினா ஈரல் சும்மா இருக்காது
என்று அக்கா சொன்னது
அவர் காதில் விழுந்ததா, தெரியாது.
சட்டைப் பையில் சீட்டை நாலாய் மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த டோக்கன் ஒரு பெண்.
நாற்பது இருக்கும், கண்ணாடி வளையல்.
பேர் கேட்டேன்.
அவரும் ஜன்னலைப் பார்த்தார்.
அந்தப் போஸ்டரில் பெண் பேர் ஒன்றே ஒன்றுதான்.
"ஹர்ஷிதா" என்றார்,
காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளையின் பேரை.

விரலில் குத்தும்போது முகத்தைத் திருப்பவில்லை.
ஒரு கோடு.
இதிலும் ஒரு கோடு.
பட்டையைத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
எனக்காகத்தான்.

காமாலைக்குத் தடுப்பூசி மூன்று:
இன்றைக்கு, அடுத்த மாதம், ஆறாம் மாதம்.
எச்ஐவிக்கு மூணு மாசத்தில் திரும்ப ஒரு தடவை.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
"அவருக்கு வலிக்குமா?" என்று கேட்டார்.
எவருக்கு என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஒரே நாளில் வந்தார்கள்,
பெஞ்சின் இந்த முனையில் ஒருவர்
அந்த முனையில் ஒருவர்.
சீட்டு மழையில் ஊறிப் போச்சு என்றார்.
சரி, பேர்?
ஜன்னலைப் பார்த்தார்.
சுவரில் இப்போது ஏதோ கட்சி மாநாடு.
வாய் திறந்தபடி நின்றார்.

திரைக்கு வெளியிலிருந்து,
யாரோ எவரோ போல உட்கார்ந்திருந்த குரல்
சொன்னது:
"சேவுகன்."