ஆயிரத்து நானூற்று நாற்பது யூனிட்

கைப்பேசி சிணுங்கியபோது
கார்த்திகை மூடுபனி ஜன்னல் வரை வந்திருந்தது.
பதினேழாயிரத்துச் சொச்சம்.
யார் வீட்டுக் கணக்கோ என்று
இணைப்பு எண்ணை மூன்று தடவை ஒப்பிட்டேன்.
எங்களுடையதுதான்.

போன முறை நானூற்றுப் பத்து யூனிட்.
இந்த முறை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம்
பிறர் ஏட்டில் பிழை பிடித்தவன்,
கழித்துப் பார்த்தேன்.
பிறகு வீட்டிலிருந்தவர்களை
ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

ஹீட் பம்ப் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும் என்று
அஸ்தம்பட்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.
காற்றிலிருந்தே சூட்டைக் கறந்து
தண்ணீருக்குக் கொடுக்குமாம்.
"ஏற்காட்டுக் காத்துல கறக்க என்ன இருக்கு?"
வாங்கிய அன்று ஒருதரம் கேட்ட லில்லி
இப்போது வேளைக்கு ஒருதரம் கேட்டாள்.

எனக்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.
பெனிட்டா குளித்தால் கண்ணாடியெல்லாம் ஆவி.
குளியலறை வாசலில் கடிகாரத்தோடு நின்று
"பதினாலு நிமிஷம்" என்றேன், கதவைப் பார்த்து.
மறுநாளிலிருந்து அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள்.
பத்தொன்பது நாள்.
தும்மலைத் தவிர என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

மீட்டர் பெட்டியைத் திறந்துவைத்து
ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன்.
ஃபிரிட்ஜை நிறுத்தினேன், மோட்டாரை, டிவியை.
சிவப்புப் புள்ளி
ஓடி வந்தவன் நாடிபோல் துடித்தது.
ஹீட் பம்பை நிறுத்தினேன். அடங்கியது.
மறுபடி போட்டால் மறுபடி உறுமல்.
குழாய்கள் மூடியிருந்தன, எல்லாரும் தூங்கினார்கள்.
யாருமே குளிக்காத அந்த ராத்திரியில் அது
யாருக்கோ தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மாதேஷ் வந்தார்,
இருபது கொண்டை ஊசிக்கும் சேர்த்துக் கூலி பேசி.
கேஸ் பார்த்தார், சென்சார் பார்த்தார்,
விசிறிக்குள் சிக்கியிருந்த சவுக்கு இலையை ஊதிவிட்டார்.
"மெஷின் நல்லா இருக்கு சார்.
பாவம், நிக்காம உழைக்குது."
குழாயைத் தொட்டுக் கையை உதறினார்.
"இது பூமிக்கடியில எந்த வழியா போகுது?"
தெரியவில்லை.
பதித்த கொத்தனார் கருமந்துறைப் பக்கம் போய் வருஷமாகிறது.

வாசற்படியிலிருந்து பெனிட்டா,
மாதேஷிடம்தான், என்னிடம் இல்லை:
"அந்த நாய் எங்க படுக்குதுன்னு பாருங்க."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தளம்.
ஒரு காது மடங்கிய தெருநாய்,
செம்மடுவே போர்த்திக்கொண்டு கிடக்கும் குளிரில்
நாலு காலையும் நீட்டி, வயிறு தெரிய.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றி.

உடைத்தார்கள். எல்போ ஒன்று விரிந்திருந்தது.
வெந்நீர் சத்தமில்லாமல் சரிவில் இறங்கி
பக்கத்துத் தோட்டத்துக் காப்பிக்குப் போயிருந்தது.
புது எல்போ ஐம்பத்தைந்து ரூபாய்.

அன்று சாயங்காலம்
"பெனிட்டா, வெந்நீர் இருக்கு" என்றேன்.
அதற்குமேல் சொல்ல வேண்டியது வாயில் வரவில்லை.
பதினேழு நிமிஷம் குளித்தாள்.
எண்ணினேன். சொல்லவில்லை.

இரவு மெஷின் தூங்கியது.
நாய் வந்தது, மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது,
எழுந்தது, புதுச் சிமெண்டை முகர்ந்தது,
படுத்துப் பார்த்தது இன்னொரு தரம்.
பிறகு வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது,
குரைக்காமல்.
நான் விளக்கை அணைத்தேன்.

அடுத்த கணக்கு: நானூற்று முப்பத்தெட்டு.
வழக்கத்தைவிட இருபத்தெட்டு கூட.
தேட வேண்டியிருக்கவில்லை.
துவைக்கிற கல்லருகே ஒரு ஆரஞ்சுப் பழப் பெட்டி,
உள்ளே சாக்கு, மேலே அறுபது வாட் குண்டு பல்பு,
ராத்திரிக்கு எட்டு மணி நேரம்.
யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை.
ஒயரின் ஜாயின்ட் மட்டும் சரியாக இல்லை;
டேப் சுற்றிவிட்டு வந்தேன்.

நோட்டில் "காரணம்" என்ற கட்டம்
அந்த வரியில் காலியாக இருக்கிறது.
லில்லி கேட்டால்
பனி கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.