மெயின் சுவிட்ச்

பேட்டரி வந்து இறங்கிய அன்று
டெபெல்லோ வேலைக்கு லீவு போட்டான்.
நூற்றுப் பத்துக் கிலோ.
நான்கு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி
கராஜ் சுவரில் மாட்டினார்கள்,
எங்கள் கல்யாணப் படத்தைவிட நேராக.

கூரைமேல் பலகைகள் முன்பே இருந்தன.
வெயில் கொட்டும் மதியத்தில் வீட்டில் ஆளில்லை;
ஆள் வந்து அடுப்பைத் தொடும் ஏழு மணிக்கு
வெயில் இல்லை.
"ஓட்டைச் சட்டியில் பால் கறக்கிறோம், பூலெங்"
என்று இரண்டு வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்.

புளூம்ஃபொன்டைனில் அப்போதெல்லாம்
இருட்டுக்கு அட்டவணை உண்டு.
மாலை ஆறு முதல் எட்டரை.
மறுபடி பத்து முதல் பன்னிரண்டரை.
இழுப்பறை நிறைய பாதி எரிந்த மெழுகுவத்திகள்.
அரைவேக்காட்டுச் சோளக்கூழைத் தூக்கி
கேஸ் அடுப்புக்கு மாற்றி மாற்றி
என் மணிக்கட்டே கடிகாரமாகியிருந்தது.

அறுபது மாதத் தவணை.
கையெழுத்துப் போட்ட கையாலேயே
என் தோளைத் தட்டினான்:
"இனி இந்த ஊரே இருண்டாலும்..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.

அடுத்த மாதம்
மின்வெட்டு நின்றுபோனது.

ஒரு வாரம் என்றார்கள். ஒரு வாரம் போனது.
தேர்தல் வரைக்கும்தான் என்றார்கள். தேர்தலும் போனது.
அட்டவணை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் மஞ்சளானது.
எதிர்வீட்டு மொகெட்டே வேலிக்கு மேல் எட்டி,
"உன் குதிரை லாயத்திலேயே கொழுக்கிறதே" என்றான்.
டெபெல்லோ சிரித்தான், பல் தெரியாமல்.

மிச்சம் இல்லாமல் இல்லை.
வாரம்தோறும் மீட்டரில் தட்டிய
இருபது இலக்க எண்ணை
இப்போது மாதம் ஒருமுறைதான் தட்டுகிறேன்.
மிச்சப் பணத்தில் பாதி தவணைக்குப் போகிறது.
மீதிப் பாதியும் தவணைக்கே போகிறது.
ஆறாம் வருடம் நம் பக்கம் திரும்பும் என்று
நோட்டில் கோடு போட்டுக் காட்டினேன்.
பார்த்தான். தலையாட்டினான்.
புது மழைக்கோட்டு வாங்கியவன்
வானத்தைப் பார்ப்பதுபோல்
பல்பைப் பார்த்தான்.

ஜூலை. புல்லில் உறைபனி.
ஞாயிறு இரவு ஒன்பது மணி.
ஆஸ்பத்திரிச் சீருடையை நான் தேய்த்துக்கொண்டிருக்க,
பைஜாமாவோடு வெளியே போனான்,
குப்பைத்தொட்டியை வாசலில் வைக்கிறேன் என்று.
குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை.

விளக்கு இமைக்கவில்லை.
ரேடியோவில் பாடியவள்
அடுத்த அடிக்கு மூச்சு இழுத்தாள், பாடினாள்.
பேட்டரியோடு சேர்க்காத கீசரில் மட்டும்
அந்தச் சிவப்புப் பொட்டு அணைந்தது.

உள்ளே வந்தான்.
கையைத் தொட்டேன், இரும்புக் குளிர்.
"கரண்ட் போய்விட்டது" என்றான்.
"தெரிந்ததா உனக்கு? தெரியவே இல்லை, இல்லையா?"

சமையலறை ஜன்னலுக்குப் போனேன்.
மொகெட்டேவின் வாசல் விளக்கு.
வரிசையாகத் தெருவிளக்குகள், மூலைக்கடை வரை.
யார் வீட்டிலோ டீவியில் கோல் விழுந்து
திரைச்சீலை நீலமாய்க் குதித்தது.

"தெருவே கும்மிருட்டு" என்றேன்.
"நம் வீடு ஒன்றுதான்."

இரண்டு நாற்காலிகளை கராஜுக்கு இழுத்துப்போனோம்.
டீ. ஒரே கம்பளி.
எண்பத்தொன்பது சதவீதம் என்று வாசித்தான்.
வெகுநேரம் கழித்து, எண்பத்தெட்டு.
கூரையில் பகலெல்லாம் காய்ந்த வெயில்
பெட்டிக்குள்ளிருந்து ஒரு சொட்டு ஒரு சொட்டாய்
எங்கள் பல்புக்குப் போய்க்கொண்டிருந்தது,
எந்த அவசரமும் இல்லாமல்.
எண்பத்தேழில் தூங்கிவிட்டான்.

விடியற்காலை நாலரைக்கு
செருப்படியில் பனி நொறுங்க
நான்தான் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டேன்.
ஆறு மணி ஷிப்டுக்கு
வெந்நீரில் குளிக்க வேண்டியவள் நான்.