திரும்புவதற்குக் கட்டணமில்லை

பட்டர்வொர்த் ஜெட்டியில் அட்டையைத் தட்டியதும்
கைப்பேசியைப் பையின் அடியில் போட்டேன்.
மேலே சோற்று டப்பா, அதன்மேல் குடை,
அதற்கும் மேல் ஒரு சபதம்:
அக்கரை வரும்வரை தொடமாட்டேன்.

இருபது நிமிடம் என்ன பெரிய விரதமா?
தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள்
கவிச்சி தொடாதவள் நான்.

முதல் நிமிடம் எளிதாகப் போனது.
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
மெச்சியதை யாருக்காவது காட்டலாமே என்று
அப்போதே தோன்றியது.
‘கையில் ஒன்றுமில்லை, கண்ணில் கடல்.’
வாசகம் தயார். படம்தான் பாக்கி.
கடலைப் பார்க்குமுன்பே எனக்குக்
கடலுக்கான வாசகம் வந்துவிடுகிறது.

நேற்றிரவு புலனத்தில் ஒரு படம் போட்டேன்.
புதுச் சமையலறை. வெள்ளை அலமாரி.
நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள்.
நாற்பது பேர் யாரென்று நினைவில்லை.
லோகநாயகி காலை ஆறு பன்னிரண்டுக்குப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லாமல் எவ்வளவு சொல்கிறாள்!
கடன் வாங்கிக் கட்டியதுதானே என்கிறாள்.
இடது பக்கக் கதவு சரியாக மூடவில்லை என்கிறாள்.
இதையெல்லாம் காட்ட வேண்டிய நிலைமையா உனக்கு என்கிறாள்.
அவள் குரலைக் கேட்டு நான்கு வருடமாகிறது.
ஆனாலும் ஒவ்வொரு சொல்லும்
எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது.

பை அதிர்ந்தது.
இல்லை, அது பெர்ரியின் எஞ்சின்.

ஒருவேளை கிளினிக்கிலிருந்து ஏதாவது?
அவசரமென்றால் அழைப்பார்களே.
அழைத்தால் டப்பாவுக்கு அடியிலிருந்து கேட்குமா?
ஒன்பதரை மணிக் கடைவாய்ப்பல்காரர்
வராமல் போனால்?
டாக்டர் பூனுக்குத் தெரிய வேண்டாமா?
அதை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம்.
பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

குடையை எடுத்தேன், டப்பாவை எடுத்தேன்.
கிளினிக்கிலிருந்து ஒன்றுமில்லை.
சரி, எடுத்தது எடுத்தாயிற்று.
விரதம் முறிந்தபின்
ஒரு துண்டு தின்றால் என்ன, ஒரு கோழி தின்றால் என்ன.

ஈப்போவில் யாரோ மாங்காய் நறுக்கினார்கள்.
முன்பின் தெரியாத ஒருத்தியின் விவாகரத்தில்
நான் கணவன் பக்கம் நின்றேன்,
பிறகு மனைவி பக்கம்.
நாய் ஒன்று படியேறியது.
கடைசியில் முகநூலில் லோகநாயகியின் பக்கம்,
வேறெங்கு போவேன்.
மார்ச்சுக்குப் பிறகு அவள் எதுவுமே போடவில்லை.
அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தேன்:
படம் போட நேரமில்லாத அளவுக்குச்
சந்தோஷமாக இருக்கிறாள்.

தலை நிமிர்ந்தபோது
கொம்தார் சிறுத்துக்கொண்டிருந்தது.

எதிரே சீருடையில் ஒரு பையன் இருந்தானே,
அவனிருந்த இடத்தில் ஒரு மிதிவண்டி.
கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த பணியாள்
மலாயில் கேட்டான்: அக்கா, அங்கே இறங்கவில்லையா?
பரவாயில்லை, தீவிலிருந்து திரும்பக் காசில்லை
என்று சிரித்தான்.
தெரியும் தம்பி.
போவதற்குத்தான் காசு. திரும்புவது
எப்போதும் இலவசம்தான்.

இரண்டு முறை கடந்திருக்கிறேன்.
கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்காதீர்கள்.

‘பெர்ரி பழுது. தாமதமாகும்’ என்று
டாக்டர் பூனுக்கு எழுதினேன்.
நொடியில் ஒரு கட்டைவிரல் வந்தது.
வேறொன்றுமில்லை, மஞ்சள் நிறத்தில்
ஒரே ஒரு கட்டைவிரல்,
அதுவும் நான் சொன்ன பொய்க்கு.

அதைப் பார்த்ததும்
எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று
வாலாட்டியது.